இரண்டு முப்பது: 1937 தேர்தலும் சுயேச்சையாக நின்ற நம்மவர்களும்



தாத்தா இரட்டைமலை சீனிவாசனை நினைக்கும் மேடையில் பேச அழைத்திருக்கிறீர்கள். அவர் கையெழுத்திட்ட ஓர் ஆவணத்திலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி. வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சியில் கட்சிகளின் பெயர்கள் வரிசையாக வரும். கடைசியில் ‘மற்றவர்கள்’ என்றொரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் அதில் சுழியம்தான். அந்தக் கட்டத்துக்குள் இருப்பவர்களில் நம்முடைய ஆட்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா? ஊர்ச்சண்டையில் நியாயம் கேட்டவர், பஞ்சமி நிலத்துக்காக அலைந்தவர், எந்தக் கட்சியும் இடம் தராததால் தனியாக மனுப்போட்டவர் என்று அதில் பலர் உண்டு. அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் “டெபாசிட் போச்சு” என்று சிரித்துவிட்டு நகர்கிறோம்.

அந்தக் கட்டம் சுழியமாக இல்லாத ஒரு காலம் இருந்தது. ஒரு மாகாணத்தில் நம் மக்களுக்கென ஒதுக்கிய இடங்களில் பெரும்பான்மையைச் சுயேச்சைகளே வென்றார்கள். அது 1937ஆம் ஆண்டு, வங்காளத்தில். அதே ஆண்டில் நம் சென்னை மாகாணத்தில் நடந்தது நேர்மாறு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இன்றைய என் பேச்சு.

ஒரே ஒப்பந்தம், ஒரே எண்ணிக்கை

1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதிகளைக் கொடுத்தது. எண்ணிக்கை 71. நம் பிரதிநிதியை நாம் மட்டுமே வாக்களித்துத் தேர்ந்தெடுப்போம் என்பதே அதன் உயிர். எரவாடா சிறையில் காந்தியார் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அண்ணல் அம்பேத்கரோடு இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் கையெழுத்திட்டார்கள். 71 இடங்கள் 148 ஆயின. தனி வாக்காளர் தொகுதி போனது. இடம் நமக்கு, வாக்கு எல்லோருக்கும் என்றானது. முதற்சுற்றில் நம் வாக்காளர்கள் மட்டும் கூடி நான்கு பேரைத் தேர்வு செய்யலாம். அந்த நால்வரில் ஒருவரைப் பொதுவாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்பது பத்தாண்டு ஏற்பாடு.

அந்த 148இல் சென்னை மாகாணத்துக்கு 30. வங்காளத்துக்கும் 30.

பின்னர் 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் மொத்தம் 151 ஆன இந்த இடங்களுக்கு 1937இல் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் வென்றவை 78. மாகாணவாரியாகப் பிரித்தால்தான் உண்மை தெரியும். சென்னையின் 30இல் காங்கிரஸ் 26. வங்காளத்தின் 30இல் காங்கிரஸ் 6. அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி நின்ற பம்பாயில் 15இல் 4. ‘காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன’ என்று 1945இல் அம்பேத்கர் எழுதிய நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது.

பம்பாயில் காங்கிரசைத் தடுத்தது ஒரு கட்சி. அதற்கு அம்பேத்கர் என்ற தலைவர் இருந்தார். வங்காளத்தில் அப்படி மாகாணம் தழுவிய கட்சி எதுவும் நம் மக்களுக்கு இல்லை. வென்றவர்களில் பெரும்பாலோர் சுயேச்சைகள். அது எப்படி நடந்தது?

சென்னையின் இருபத்தாறு

முதலில் நம் வீட்டுக் கணக்கு. 1920இல் எம்.சி. ராஜாவும் 1923இல் இரட்டைமலை சீனிவாசனும் சென்னைச் சட்டசபைக்குள் போனது நியமன உறுப்பினர்களாக. எந்தச் சாதியாரின் வாக்கையும் கேட்டு அவர்கள் போகவில்லை. பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் எதிலும் நம்மவரைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924இல் சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேற்ற முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1937இல் நிலைமை வேறு. வாக்குரிமை எல்லோருக்கும் இல்லை. வரி, சொத்து, படிப்பு என்று தகுதி வைத்திருந்தார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்குத்தான் வாக்கு. சேரியில் குடிசை போட்ட மனையும் மிராசுதாருக்குச் சொந்தம் என்றிருந்த ஊர்களில், கூலிக்கும் பண்ணைக்கும் உழைத்தவர்களுக்கு ஏது பட்டா, ஏது வரி ரசீது? நம் மக்களுக்குத் தகுதியைக் கொஞ்சம் தளர்த்தியும் வாக்காளர் பட்டியலில் நாம் சிறு கூட்டம்தான். ஊருக்கு ஒரு சேரியாகச் சிதறிக் கிடந்த மக்கள், ஒரு தொகுதியில் சேர்ந்து நின்று வெல்லும் எண்ணிக்கையில் எங்கும் இல்லை. ஆகவே தனித்தொகுதியில் யார் ஜெயிப்பது என்பதைச் சேரி தீர்மானிக்கவில்லை, ஊர் தீர்மானித்தது. ஊர் அன்று காங்கிரஸ் பக்கம் சாய்ந்திருந்தது. 215 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் 159 காங்கிரசுக்கு. அந்த அலையில் வந்ததுதான் நம் 26.

வென்ற நம்மவர்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். வி.ஐ. முனுசாமிப் பிள்ளை போன்றவர்கள் அமைச்சரவை வரை போனார்கள். நான் சொல்வது, அவர்களை அனுப்பிவைத்த கை யாருடையது என்பதைப் பற்றி.

வங்காளத்துக்கு முன்கதை உண்டு

கிழக்கு வங்காளத்தின் பாக்கர்கஞ்ச், பரீத்பூர், ஜெஸ்ஸூர், குல்னா மாவட்டங்கள் ஆறும் சதுப்பும் நிறைந்தவை. அங்கே பெருந்திரளாக வாழ்ந்தவர்கள் நாமசூத்திரர்கள். பழைய ஆவணங்கள் அவர்களைச் சண்டாளர் என்று எழுதின. படகோட்டியும் மீன்பிடித்தும் பிழைத்தவர்கள், சதுப்பைத் திருத்தி வயலாக்கிக் குத்தகை விவசாயிகளாகவும் ஆனார்கள். சேரிக்கு ஒரு மூலை என்றில்லாமல், ஊர் ஊராகத் தொடர்ந்து அவர்களே நிறைந்திருந்த நிலப்பரப்பு அது.

1872இல் அவர்களில் ஒரு பெரிய மனிதர் வீட்டு விருந்துக்கு மேல்சாதியார் வர மறுத்தார்கள். அந்த அவமதிப்புக்குப் பதிலாக 1872-73இல் மேல்சாதியாரின் நிலத்திலும் வீட்டிலும் வேலை செய்வதில்லை என்று பல ஊர்களில் கூடி முடிவெடுத்தார்கள். சில மாதங்களில் அந்த வேலைநிறுத்தம் தளர்ந்துவிட்டது. பட்டினி யாரை விட்டது? ஆனால் கூடி முடிவெடுக்கலாம் என்ற பழக்கம் தங்கிவிட்டது. ஹரிசாந்த் தாக்கூர் தொடங்கிய மதுவா நெறி, பிராமணப் புரோகிதம் இல்லாத வழிபாட்டையும் உழைப்பின் மதிப்பையும் சொன்னது. அவர் மகன் குருசாந்த் தாக்கூர், ஒராகாந்தி ஊரை மையமாக்கிப் பள்ளிக்கூடங்களைப் பரப்பினார். மீட் என்ற ஆஸ்திரேலியப் பாதிரியாரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். சண்டாளர் என்ற பெயரை மாற்றக் கோரி மனுக்கள் போயின. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாமசூத்திரர் என்ற பெயர் ஏறியது.

வேலைநிறுத்தத்திலிருந்து எண்ணினால் 1937 தேர்தல் வரை 65 ஆண்டுகள். சுயேச்சை என்ற சொல்லைக் கேட்டால் தனி மனிதர் ஒருவர் தன் துணிச்சலில் நிற்பதாக நினைக்கிறோம். வங்காளத்துச் சுயேச்சைகளுக்குப் பின்னால் கட்சி மட்டும்தான் இல்லை. பள்ளிக்கூடமும் வழிபாட்டு மன்றமும் சாதி மாநாடும் மூன்று தலைமுறை உழைப்பும் இருந்தன.

பாரிசாலில் ஒரு பொதுத்தொகுதி

இந்த மண்ணில் 1904 ஜனவரி 29 அன்று பிறந்தவர் ஜோகேந்திரநாத் மண்டல். பாக்கர்கஞ்ச் மாவட்டம், மைஸ்தர்காந்தி கிராமம். ஏழை விவசாயக் குடும்பம். பாரிசாலில் கல்லூரிப் படிப்பு, பிறகு கல்கத்தாவில் சட்டப் படிப்பு. வக்கீலாகிச் சில ஆண்டுகளுக்குள் தேர்தல் வந்தது.

அவர் நின்றது ஒதுக்கப்பட்ட இடத்தில் இல்லை. பாக்கர்கஞ்ச் வடகிழக்குப் பொதுத்தொகுதியில் சுயேச்சையாக நின்றார். எதிரே காங்கிரஸ் வேட்பாளர் சரள்குமார் தத்தா. அவர் பாரிசாலின் பெருந்தலைவராக மதிக்கப்பட்ட அஸ்வினிகுமார் தத்தாவின் உறவினர். நாடறிந்த குடும்பம், நாடறிந்த கட்சி. முப்பத்து மூன்று வயது நாமசூத்திர வக்கீல் அவரைத் தோற்கடித்தார்.

இது எப்படிச் சாத்தியமானது என்பதைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு அன்று தனி வாக்காளர் தொகுதி. அவர்கள் பொதுத்தொகுதியில் வாக்களிக்கவில்லை. ஆகவே அங்கே வாக்காளர்கள் பெரும்பாலும் இந்துக்கள் என்று கணக்கிடப்பட்டவர்கள். அந்த மாவட்டத்து இந்துக்களில் மிகப்பெரிய சாதி நாமசூத்திரர். அவர்களில் பலர் குத்தகை நிலம் உள்ளவர்களாதலால் பட்டியலிலும் பெயர் இருந்தது. எண்ணிக்கை, நிலம், அமைப்பு மூன்றும் சேர்ந்த இடத்தில் கட்சிப் பெயர் இல்லாமலும் வெல்ல முடிந்தது. இதில் ஒன்று குறைந்தாலும் கதை வேறாகியிருக்கும். சென்னையில் மூன்றும் குறைவாக இருந்தன.

உள்ளே போனபின்

வெல்வது பாதிதான். உள்ளே போய் என்ன செய்ய முடிந்தது என்பதிலும் இரண்டு முப்பதும் வேறுபட்டன.

சென்னையில் காங்கிரசுக்கு வெளியே இருந்தவர் எம்.சி. ராஜா. பூனா ஒப்பந்தத்துக்கு முன்பே கூட்டு வாக்காளர் தொகுதி போதும் என்று மூஞ்சேயோடு உடன்பாடு செய்தவர் அவர். 1938இல் அவர் கொண்டுவந்த சமூக உரிமைத் தடை நீக்க மசோதா சட்டமானது. அது அந்த ஆண்டின் 21ஆம் சட்டம். அடுத்து ஆலய நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். பிரதமர் ராஜாஜி எதிர்த்தார், மசோதா தோற்றது. நம் பெயரால் உள்ளே போயிருந்த காங்கிரஸ் உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாட்டுக்குள் நின்றார்கள். அடுத்த ஆண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் நம்மவர்களை அழைத்துச் சென்றதும், அதைக் காக்க ராஜாஜி அரசு சட்டம் போட்டதும் வரலாறு. கோயில் திறந்தது, மறுக்கவில்லை. அது எப்போது திறக்கும், எப்படித் திறக்கும் என்பதை முடிவு செய்த இடத்தில் நம் முப்பது பேருக்குச் சொல் இல்லை. ராஜாவே பின்னாளில் பூனா ஒப்பந்தத்தால் மனம் கசந்து, தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

வங்காளத்தில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. 250 பேர் கொண்ட அவையில் இருபது வாக்கு ஒரு மந்திரிசபையை நிறுத்தும், கவிழ்க்கும். ஃபஸ்லுல் ஹக்கின் முதல் மந்திரிசபையிலேயே நம்மவர் இருவருக்கு இடம் கிடைத்தது. அப்படி ஒருவர் இருவராகப் போய்ச் சேர்ந்ததால் மக்களுக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. 1943இல் ஹக் மந்திரிசபை விழுந்தபோது மண்டல் வேறு வழியில் போனார். பட்டியல் சாதி உறுப்பினர்கள் 21 பேரின் ஆதரவைச் சேர்த்து வைத்துக்கொண்டு நஜிமுதீனிடம் நிபந்தனை பேசினார். மூன்று அமைச்சர்கள், பட்டியல் சாதியினர் கல்விக்கு ஆண்டுதோறும் ஐந்து லட்சம் ரூபாய், அரசு வேலையில் வகுப்புவாரி விகிதத்தைத் தளர்வில்லாமல் கடைப்பிடித்தல் ஆகிய மூன்றும் அந்த நிபந்தனைகள். அந்த மந்திரிசபையில் மூவர் அமர்ந்தார்கள், மண்டல் அவர்களில் ஒருவர்.

தனித்தனியே வென்ற சுயேச்சைகள் சேர்ந்து நின்றால் என்ன பெறலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் வரலாற்றில் குறைவு. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். அதே மந்திரிசபையின் காலத்தில்தான் 1943 பெரும்பஞ்சம் வங்காளத்தை அழித்தது. செத்தவர்களில் மீனவர்களும் நிலமற்ற கூலிகளும் ஏராளம். மூன்று நாற்காலியால் அந்தப் பசியைத் தடுக்க முடியவில்லை.

விலை

1946 தேர்தல் வந்தபோது களம் மாறியிருந்தது. நாடு பிரியுமா என்பதே கேள்வியாகிவிட்டது. இந்து வாக்கு ஒரு பக்கம், முஸ்லிம் வாக்கு ஒரு பக்கம் என்று திரண்டபோது சுயேச்சைக்கு நிற்க இடமில்லாமல் போனது. 1937இல் வென்றவர்கள் பலர் அதற்குள் ஆளுக்கொரு கட்சியில் கரைந்திருந்தார்கள். குருசாந்தின் பேரன் பிரமத ரஞ்சன் தாக்கூரே காங்கிரசுக்குப் போனார். ஒதுக்கப்பட்ட இடங்களில் பெரும்பாலானவற்றைக் காங்கிரஸ் எடுத்தது. அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் பெயரில் வங்காளத்தில் வென்றவர் மண்டல் ஒருவர்தான்.

அந்த ஒருவர் போதுமானதாக இருந்த தருணமும் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல். மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் வாக்காளர்கள். பம்பாயிலிருந்து அம்பேத்கர் போக வழியில்லை. வங்காளத்தில் மண்டல் ஓடியாடி, விரல்விட்டு எண்ணக்கூடிய நம் உறுப்பினர்களைத் திரட்டினார். அம்பேத்கர் வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைந்தார். பிரிவினையால் அந்த இடம் போனபின் 1947இல் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்வானார் என்றாலும், முதலில் கதவைத் திறந்தவர்கள் அவர்கள்தான்.

மண்டலின் பிற்காலம் துயரமானது. முஸ்லிம் லீக்கோடு கொண்ட உறவு அவரைப் பாகிஸ்தானின் முதல் சட்ட அமைச்சராக்கியது. கிழக்கு வங்காளத்தில் நம் மக்கள் தாக்கப்பட்டபோது அந்த நாற்காலியால் அவர்களைக் காக்க முடியவில்லை. 1950 அக்டோபரில் நீண்ட கடிதம் எழுதிப் பதவி விலகிக் கல்கத்தா திரும்பினார். அதன்பின் தேர்தல்களில் நின்றார், எதிலும் வெல்லவில்லை. அவரைப் பொதுத்தொகுதியில் வெல்ல வைத்த மக்கள் அகதிகளாகிச் சிதறிப் போயிருந்தார்கள். 1968 அக்டோபர் 5 அன்று இறந்தார். லீக்கை நம்பியது அவர் தவறு என்பவர்கள் உண்டு. ஆனால் சொந்தக் கட்சியாக இறுகாத சுயேச்சைகள் ஏதாவது ஒரு பெரிய கட்சியின் நிழலைத் தேடியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அவர் ஒருவர் தவறால் வந்ததில்லை.

பொது என்றால் யாருக்கு?

பொதுத்தொகுதியில் நம்மவர் வெல்வதை இந்த நாடு எப்படிப் பார்த்தது என்பதற்கு இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டும். 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒன்று பொது, ஒன்று தனி. 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் நாடாளுமன்றத் தொகுதியில் இரண்டு இடங்களையும் பழங்குடி வேட்பாளர்களே வென்றார்கள். தோற்ற வி.வி. கிரி வழக்குப் போட்டார். பொது இடத்தை வென்ற சூரி தோரா பழங்குடியே அல்ல, சத்திரியராகிவிட்டார் என்றும் வாதாடினார்கள். உச்சநீதிமன்றம் 1959இல் அதை ஏற்கவில்லை. ஒதுக்கீடு என்பது நம் உரிமைக்கு அடித்தளம், அதற்கு மேல் பொது இடத்திலும் போட்டியிடலாம், வெல்லலாம் என்பதே அதன் பொருள். இரண்டே ஆண்டுகளில், 1961இல், இரட்டை உறுப்பினர் தொகுதிகளைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அதே கிரி 1969இல் சுயேச்சையாக நின்றுதான் குடியரசுத் தலைவரானார் என்பதையும் நினைவில் வைப்போம்.

இன்று மனுப்போடப் போகிறவருக்கு

1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் எதிர்ப்புக் காட்ட மனுப்போட்டதால் 1033 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. அதே ஆண்டில் சட்டம் இறுகியது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றானது. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆகி, 2009இல் 10,000 ஆனது. நமக்கு அதில் பாதி. செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் போகும். வேட்பாளர் செலவு உச்சவரம்பு 40 லட்சம். கூலி வேலை செய்யும் ஒருவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியுமா?

வேறு வழி, பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்பது. 2001இல் தொல். திருமாவளவன் உதயசூரியன் சின்னத்தில் மங்களூர்த் தொகுதியில் வென்றார். கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, யார் சின்னத்தில் வென்றோமோ அந்தக் கட்சியின் கொறடாவுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். பதவிக்காலம் முடியும் முன்பே 2004இல் அவர் விலகினார். 1938இல் ஆலய நுழைவு மசோதா வாக்கெடுப்பில் உட்கார்ந்திருந்த நம்மவர்களுக்கு விலகும் வழிகூடத் தோன்றியிருக்காது. சிக்கல் மட்டும் அதேதான். இருபது ஆண்டுகள் கழித்து அந்த இயக்கம் தன் பானைச் சின்னத்திலேயே வென்று மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது. அதற்கு இடையில் கிராமம் கிராமமாகக் கொடியேற்றிய உழைப்பு இருக்கிறது.

தோழர்களே, சுயேச்சையாக நில்லுங்கள் என்றோ நிற்காதீர்கள் என்றோ சொல்ல நான் வரவில்லை. இரண்டு முப்பதின் வரலாறு எனக்குச் சொல்வது இதுதான். ஒதுக்கிய இடம் சட்டம் கொடுப்பது, அதில் உட்காருபவரின் குரலைக் கொடுப்பது அவரை அனுப்பிய மக்கள். பாரிசாலில் மக்கள் முதலில் பள்ளிக்கூடம் கட்டினார்கள், நிலத்தைத் திருத்தினார்கள், கூடி முடிவெடுக்கப் பழகினார்கள். வேட்பாளர் கடைசியில் வந்தார். நாம் பெரும்பாலும் வேட்பாளரை முதலில் தேடுகிறோம்.

அடுத்த தேர்தலில் உங்கள் ஊரில் ஒருவர் தனியாக மனுப்போட வந்தால், அந்தப் பத்துக் கையெழுத்தில் ஒன்றைப் போடும் முன் அவரிடம் கேளுங்கள்: தோற்ற மறுநாளும் இந்தப் பத்துப் பேரும் கூடுவோமா? கூடுவோம் என்றால் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். டெபாசிட் போனாலும் அந்தக் கூட்டம் இருக்கும்.

ஜெய்பீம்.